தெரிந்தும் பேசாத வீடு: தமிழ்ப் புனைகதையில் குடும்பச் சிக்கல்

தமிழ்க் குடும்பக் கதைகளில் வரும் ரகசியம் பெரும்பாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கணவனுக்குத் தெரியும், மூத்த பிள்ளைக்குத் தெரியும், மருமகள் வந்த சில நாட்களிலேயே ஊகித்துவிடுவாள், பக்கத்து வீட்டுக்காரிக்கோ அதற்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனாலும் காலையில் காபி கலப்பதும் இரவில் பாய் விரிப்பதும் தடையின்றி நடக்கும். துப்பறியும் கதையில் உண்மை வெளிப்பட்டால் குழப்பம் தீரும். குடும்பக் கதையில் அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்ன நொடியில்தான் குழப்பம் பிறக்கும். யார் சொன்னார்கள், யார் காதில் விழுந்தது, சொல்லிவிட்டு எங்கே போனார்கள் என்பவற்றைச் சுற்றியே தமிழின் முக்கியமான குடும்ப நாவல்கள் பல கட்டப்பட்டிருக்கின்றன. மாமியார் கொடுமை, பாகப்பிரிவினை, மணமுறிவு, தகாத உறவு என்று கதைப்பொருள் எதுவானாலும் கதையை நகர்த்தும் விசை இந்தச் சொல்லப்படும் கணத்தில் இருக்கிறது.

தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே இதைக் காணலாம். 1879-இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது. அதில் நாயகனும் ஞானாம்பாளும் சிறுவயது முதலே ஒருவருக்கொருவர் என்று வளர்ந்த உறவுக்காரர்கள். இரு வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதம் அவர்கள் திருமணத்துக்குக் குறுக்கே நிற்கிறது. ஆனால் அந்த நாவலின் மனம் அறிவுரையிலும் சாகசத்திலும்தான் லயிக்கிறது; குடும்பச் சண்டை அதற்கு ஒரு படிக்கட்டு மட்டுமே. வீட்டுக்குள் உட்கார்ந்து கவனிக்கும் முதல் நாவல் பி. ஆர். ராஜம் ஐயருடையது. ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் தொடராக வந்து 1896-இல் நூலான ‘கமலாம்பாள் சரித்திரம்’ முதலில் சூடிக்கொண்ட பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’. ஒரு பெண்மேல் எழுந்த அவதூறு என்ன செய்யும் என்பதே ஆசிரியர் எழுத எடுத்துக்கொண்ட பொருள். சிறுகுளம் கிராமத்தில் முத்துஸ்வாமி ஐயரும் அவர் தம்பி சுப்பிரமணிய ஐயரும் வாழ்கிறார்கள். தம்பி மனைவி பொன்னம்மாளுக்கு மூத்தவள் கமலாம்பாள்மேல் ஓயாத பொறாமை. கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ என்றே பெயர் வைத்துவிடுகிறார். அந்தச் சபையின் பேச்சு திண்ணையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து கொல்லைப்புறத்துக்கும் ஊர்ந்து கடைசியில் கணவனின் மனதில் போய்க் குடியேறுகிறது. முத்துஸ்வாமி ஐயர் மனைவியை அறியாதவர் அல்லர். அவள்மேல் அன்பில்லாதவரும் அல்லர். அப்படிப்பட்டவரையும் ஊர்ப்பேச்சு அசைக்கிறது. இருபத்தாறு வயதிலேயே இறந்துபோன ராஜம் ஐயர் (1872–1898) பின்னால் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழ்ப் புனைகதை எழுதப்போகும் ஒன்றைத் தம் ஒரே நாவலில் தொட்டுவிட்டார் என்றால் மிகையாகாது.

உறவுமுறையும் சொத்தும் ஊரும்

வாய்ச்சொல் ஒன்று இவ்வளவு ஆற்றல் பெறுவதற்குக் காரணம் அந்த வீடுகளின் அமைப்பில் இருக்கிறது. தென்னிந்திய உறவுமுறையில் தாய்மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது பல சாதிகளில் நீண்டகாலம் உரிமையாகவே கருதப்பட்டது. மானுடவியலாளர் தாமஸ் டிரவுட்மன் 1981-இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூல் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பை விரிவாக விளக்குகிறது. கதை எழுதுபவருக்கு இதில் கிடைக்கும் பொருள் மிகுதி. முறைப்பெண்ணை வெளியில் கட்டிக்கொடுத்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். முறைமாமனைக் கட்டிக்கொண்டவளோ புகுந்த வீட்டில் அடி வாங்கினாலும் பிறந்த வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் அவள் தாய் தன் தம்பியோடு சண்டைக்கு நிற்க வேண்டும். ஒரு மனிதன் ஒரே நேரத்தில் மாமனாகவும் மாமனாராகவும் இருப்பதால் ஒரு கசப்பு இரண்டு மூன்று உறவுகளைச் சேர்த்தே அறுக்கும். எனவே எல்லோரும் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள்.

சொத்து இன்னொரு முடிச்சு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தது. ஆயினும் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமையை மகளுக்குத் தமிழ்நாடு 1989-இல்தான் திருத்தச் சட்டம் மூலம் வழங்கியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது. அதற்கு முற்பட்ட கதைகளில் பெண்ணுக்குப் பங்கு என்பது நகையும் பாத்திரமும் சீர்வரிசையும்தான். அண்ணன் வீட்டில் தங்கும் தங்கை, விதவையாகத் திரும்பி வந்த அத்தை, பிள்ளையில்லாத சின்னம்மா ஆகியோர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அவர்கள் குணம் காரணமில்லை. தங்கியிருக்கும் இடமும் உண்ணும் சோறும் பிறர் கையில் இருக்கின்றன. பழைய கதைகளில் வரும் ‘பொறுமைசாலிப் பெண்’ என்ற வார்ப்பைப் படிக்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது; பொறுமை என்று அக்கதைகள் புகழ்ந்தவற்றில் பாதி போக்கிடமின்மை.

மூன்றாவது ஊர். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கேள்வியில் வரும் அந்த நாலு பேர் யார் என்று எந்தக் கதையும் பெயர் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் இல்லாத குடும்பக் கதை அரிது. அக்கிரகாரத்தில் அவர்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். நகரத்து ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் பகிர்ந்துகொள்கிறார்கள். அடுக்குமாடிக் காலத்தில் தொலைபேசியில் வருகிறார்கள். தமிழ்க் குடும்பக் கதையில் சுவர் என்றுமே மெல்லியது.

ஒரு சம்பவம், இரு தாய்மார்

இந்த மெல்லிய சுவரை வைத்து ஜெயகாந்தன் செய்த ஒன்று உலக இலக்கியத்திலும் எளிதில் காண முடியாதது. 1966-இல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் மழைநாள் மாலையில் பேருந்துக்காக நிற்கும் ஒரு கல்லூரிப் பெண் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவளுக்கு நேரக்கூடாதது நேர்கிறது. வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனத்தார் என்னவென்று கேட்கிறார்கள். கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தாய் சட்டென்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, பெண் மழையில் தெப்பமாக நனைந்து வந்ததற்காகக் கோபித்துக்கொண்டதாகச் சமாளித்துவிடுகிறாள். கேட்டவர்கள் நம்பிப் போய்விடுகிறார்கள். பிறகு மகளை உட்கார வைத்து அவள் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி, எல்லாம் கழுவப்பட்டுவிட்டது, நீ தூய்மையானவள், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். சாதாரணத் தாய் ஒருத்தியின் சாமர்த்தியமான பதிலால் ஒரு பெண்ணின் வாழ்க்கை காக்கப்படுகிறது.

கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஜெயகாந்தனின் பதில் ஒரு நாவலாக வந்தது: 1970-இல் நூலான ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதே மழை, அதே கார், அதே பெண். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இந்தத் தாய் சமாளிக்கவில்லை, கத்திவிடுகிறாள். அந்த அலறல் மகன் கணேசனின் காதில் விழுகிறது, அக்கம்பக்கத்துக்கும் தெரிந்துபோகிறது. அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா தாய்மாமன் வெங்கட்ராமையரின் ஆதரவில் படித்து, வேலைக்குப் போய், நல்ல பதவியில் அமர்கிறாள். ஆதரித்த மாமாவோ தன் உதவிக்கு அவள் உடம்பை விலையாக எதிர்பார்த்தபடி பன்னிரண்டு வருடமாக வளைய வருகிறார். வீட்டில் இதுவும் பேசப்படாத செய்தி. கங்காவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், மாமிக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம். வெளியே வந்த ஒரு சொல்லுக்காக ஒரு பெண்ணைத் தண்டித்த குடும்பம் வெளியே வராத மற்றொன்றைச் சுமந்துகொண்டு கௌரவமாக நடமாடுகிறது.

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். ‘அக்கினிப் பிரவேசம்’ அவர் எழுதிய கதையாக ஒரு பத்திரிகையில் வெளியாகிறது. கங்காவின் தாய் அதைப் படிக்கிறாள். கதையில் வரும் அந்தத் தாய்போலத் தானும் நடந்துகொண்டிருக்கக் கூடாதா என்று அவள் உருகும் பகுதி தமிழ் நாவலின் மிக வலி மிகுந்த இடங்களில் ஒன்று. அவள் கெட்டவள் அல்லள். மகள்மேல் அளவற்ற பாசம் கொண்ட விதவை. அந்த ஒரு நிமிடம் அவளுக்குப் பதில் தோன்றவில்லை, அவ்வளவுதான். இரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும்: காரில் நடந்தது இரண்டிலும் ஒன்றே, கங்காவின் பன்னிரண்டு ஆண்டுகளைத் தீர்மானித்தது முற்றத்தில் நடந்தது. நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1977-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் படமானபோது கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

அலங்காரத்தம்மாளின் வீடு

ஜெயகாந்தனிடம் மௌனம் உடைவது ஓர் அலறலில். தி. ஜானகிராமனிடம் அது ஓசையின்றி விரிசல் விடுகிறது. ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலில் அப்பு சிறுவயதிலேயே காவேரிக்கரை வேதபாடசாலைக்கு அனுப்பப்பட்டவன். பவானியம்மாள் நடத்தும் அந்தப் பாடசாலையில் வருடக்கணக்கில் அத்யயனம் செய்து முடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்ப இருக்கிறான். அவனுக்குத் தாய் அலங்காரத்தம்மாள் ஒரு தெய்வம். பவானியம்மாளின் தம்பி மகள் இந்து, இளம் விதவை, அப்புவை விரும்புகிறாள். அவனோ தாயின் பெயரைச் சொல்லி விலகுகிறான். ஆத்திரத்தில் இந்துதான் அந்தத் தாயைப் பற்றிய முதல் சொல்லை அவன் முன் போடுகிறாள். வீட்டார் ஒருவரும் சொல்லாததை வெளியில் இருக்கும் ஒருத்தி சொல்லிவிடுகிறாள்.

சென்னை வீட்டில் அப்பு பார்ப்பது தமிழ்ப் புனைகதையில் மிக நுட்பமாக வரையப்பட்ட குடும்பக் காட்சிகளில் சேரும். சிவசு என்ற பண்ணையார் வந்து போகிறார். அவர் வரும் நேரத்தில் வீட்டில் யார் எங்கே இருப்பது, யார் எழுந்து போவது என்பதெல்லாம் எழுதப்படாத ஒழுங்காகிவிட்டது. கடைசிக் குழந்தைகளின் முகத்தில் யாருடைய சாயல் என்பதை எவரும் பார்க்காதவர்போல் இருக்கிறார்கள். தந்தை தண்டபாணி ஜோதிடமும் வேதாந்தமும் தெரிந்த படிப்பாளி. பெரிய பதவியில் இருப்பவர்கள் அவரிடம் பாடம் கேட்கிறார்கள். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் கோழையா, ஞானியா, மனைவியை உண்மையிலேயே விரும்பியதால் இதையும் ஏற்றுக்கொண்டவரா என்பதை ஜானகிராமன் தீர்த்துச் சொல்லவில்லை. விமர்சகர்கள் பலர் அலங்காரத்தைப் பற்றியே பேசினார்கள். தண்டபாணியின் மௌனமும் அதே அளவு கவனத்துக்குரியது. இந்த நாவலில் மிகவும் கடினமான வேலையைச் செய்பவர் அவர்தான். ஒவ்வொரு நாளும் ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் அலங்காரம் பாடசாலைக்கு வருகிறாள். அப்புவை வேதம் படிக்க அனுப்பியது ஏன் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது: ரிஷிபோல ஆகிவரும் மகனின் காலடியில் தன் பாவத்தைக் கரைக்கலாம் என்று அவள் நம்பியிருக்கிறாள். மகனோ இந்துவின் பக்கம் சாய்ந்துவிட்டான். அவனும் தன் பிள்ளைதான் என்பதை உணர்ந்துகொண்டு அவள் காசிக்குக் கிளம்புகிறாள். தாய், மகன் இருவரில் எவரும் மற்றவரைக் குற்றம் சாட்டுவதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. பெற்றோரின் பாவத்தைப் பிள்ளை தீர்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல குடும்பங்களில் சொல்லாமலே இயங்குகிறது. அதை இவ்வளவு நேராகப் பார்த்த நாவல் தமிழில் வேறில்லை. 1964-இல் நூலான ‘மோகமுள்’ நாவலிலும் ஜானகிராமன் இதையொத்த ஒன்றைத் தொட்டார். பிராமணத் தந்தைக்கும் மராட்டியத் தாய்க்கும் பிறந்த யமுனாவுக்கு வரும் வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போகின்றன. பெற்றோரின் உறவுக்கு மகள் விலை கொடுக்கிறாள்.

பேசாமையே தண்டனையாகும்போது

குழந்தையின்மை தமிழ்க் குடும்பக் கதையின் பழைய கருப்பொருள். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) அதை வேறு திசையில் கொண்டுபோனது. திருச்செங்கோட்டுப் பகுதியில் விவசாயியான காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒருவர்மேல் ஒருவர் குறையாத ஆசை. பிள்ளை மட்டும் இல்லை. கோயில் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் குழந்தையில்லாத பெண் அறியாத ஓர் ஆணோடு கூடலாம் என்ற, நாவலில் வரும் வழக்கத்தை இரு வீட்டுத் தாய்மாரும் யோசிக்கிறார்கள். காளி பொன்னாவிடம் கேட்கிறான்: போவாயா? நீ சொன்னால் போகிறேன் என்பதுபோல் அவள் பதில் சொல்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது கணவனுக்கு அடங்கிய அன்பின் பதில். அவனுக்கோ நெஞ்சில் முள். மறுத்திருக்க வேண்டாமா என்று குமைகிறான். ஆனால் அதை அவளிடம் சொல்வதில்லை. பிறகு அவனுக்குத் தெரியாமலே வீட்டார் அவளை அழைத்துச் செல்கிறார்கள். காளியின் சம்மதம் இருப்பதாக அவள் நம்புகிறாள். அவனை வேறிடத்துக்குக் கூட்டிப்போய் இருத்தி வைப்பவன் பொன்னாவின் அண்ணன் முத்து, காளியின் இளமைக்காலத் தோழன். இந்தச் சதியில் பகைவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்லது நினைத்தவர்கள். குடும்பக் கதையின் துயரம் எதிரியின் தேவையின்றி நடந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

காளி என்ன செய்துகொண்டான் என்பதைச் சொல்லாமல் நாவல் முடிகிறது. பெருமாள்முருகன் பின்னர் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாயன்’ காளி இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு தொடர்கிறது. ‘அர்த்தநாரி’ அவன் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டு தொடர்கிறது. இரண்டாவதில் காளி மனைவியை அடிப்பதில்லை, விலக்குவதில்லை, பேசுவதில்லை. அந்தப் பேசாமையே தண்டனையாகிறது. 2014 இறுதியில் ‘மாதொருபாகன்’ எதிர்ப்புக்கு உள்ளாகி, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தாம் எழுத்தைக் கைவிடுவதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுதும் உரிமையை உறுதிசெய்தது. வீட்டுக்குள் ‘நாலு பேர்’ என்றிருந்த விசை ஒரு நாவலுக்கு எதிராகத் தெருவில் திரண்டபோது எவ்வளவு பெரிது என்பது அப்போது தெரிந்தது.

ஒரு பெண்ணைப் பற்றிய பொய்யைக் கேட்டும் குடும்பம் வாயடைத்து நிற்பதை நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) காட்டியது. இரணியல் செட்டிமார் சமூகத்தின் சடங்குகளும் பேச்சும் நாவல் முழுக்க நிறைந்திருக்கின்றன. திரவியின் அக்கா நாகம்மை புகுந்த வீட்டிலிருந்து அவள் பெண்மையிலேயே குறை என்ற பழியோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். பழி பொய் என்று நிறுவ வேண்டுமானால் மருமகனின் குறையை வெளியே சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நா எழவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட வயதில் மரபையே மூச்சாகக் கொண்ட ஆச்சியும் புதிய படிப்புப் படித்த திரவியும் ஒரே கூரையின்கீழ் நிற்கிறார்கள். அக்காவுக்காகத் திரவி எடுக்கும் முயற்சி பெரும் விலை கேட்கிறது.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) முஸ்லிம் பெண்களின் வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்டது. ஆண்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வியாபாரத்தில் இருக்கும் ஊரில் பெண்களுக்குள் பேச்சுக்குப் பஞ்சமில்லை. உடம்பு, ஆசை, கணவன்மார், அடுத்த வீட்டுச் செய்தி என எல்லாமே பேசப்படுகிறது. ஆனால் அந்தப் பேச்சு ஆண்கள் காதுக்கு எட்டக்கூடாது. பிர்தவ்ஸ் கணவனை ஏற்க மறுத்துத் திரும்பி வந்தவள். அவளுடைய உறவு ஒன்று அந்த எல்லையைத் தாண்டி வெளியே தெரிந்தபோது நஞ்சு தாயின் கையிலிருந்தே வருகிறது. அந்தத் தாயை அரக்கியாகச் சித்திரிக்க சல்மா மறுத்திருப்பதில்தான் நாவலின் நேர்மை இருக்கிறது.

வெளியே இருந்து வரும் மௌனம்

மேற்சொன்ன வீடுகளுக்கெல்லாம் காக்க ஒரு கௌரவம் இருந்தது. காக்கவே விடாத ஊரில் வாழும் குடும்பத்தின் கதை வேறு. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தைப் பற்றியது. ஆரோக்கியம் ஊர்ச்சோறு எடுத்துப் பிழைக்கிறாள். மகனைச் சாமியாராக்கும் கனவு கலைகிறது. மூத்த மகன் மனைவியோடு பிரிந்து போய்விடுகிறான். மகள் மேரிக்கு நேரும் வன்கொடுமையை அவள் யாரிடம் முறையிடுவாள்? கேட்கும் இடத்தில் இருப்பவர்களே அவளுக்குச் சோறு போடுபவர்கள். கங்காவின் தாய் கத்தினால் ஊர் கேட்டது. ஆரோக்கியம் கத்தினால் கேட்க ஊர் இல்லை. நாவலில் அவள் அழுகை அநேகமாக ஒப்பாரி வடிவத்தில்தான் வெளிவருகிறது. நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல அவளிடம் இருக்கும் வழி அது.

பூமணியின் ‘வெக்கை’ (1982) குடும்பக் கதை என்ற வகையில் பலரும் சேர்ப்பதில்லை; சேர்த்தே ஆக வேண்டும். அண்ணனைக் கொன்ற நிலக்காரன் வடக்கூரானைப் பதினைந்து வயது சிதம்பரம் வெட்டிவிடுகிறான். மகனோடு அய்யாவும் காட்டுக்குள் ஒளிகிறார். ஏன் செய்தாய் என்ற கேள்வி தந்தையிடமிருந்து வருவதில்லை. எங்கே தூங்குவது, எதைச் சமைப்பது, அம்மாவும் தங்கையும் எங்கே இருப்பார்கள் என்பதே பேச்சு. கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதுமாக நாட்கள் கழிகின்றன. பழிவாங்கலைப் பற்றிப் பெரிதாக ஒரு வார்த்தையும் இல்லாமல், மகனைக் காப்பது ஒன்றே தந்தையின் முழு வேலையாகிறது. பிற நாவல்களில் பேசாமை உறவை அரிக்கிறது, இதில் தாங்குகிறது. ‘அசுரன்’ (2019) படம் இந்த நாவலைத் தழுவியது. படத்தில் தந்தையின் முன்கதை விரிவாகச் சேர்க்கப்பட்டதால் நாவலின் இந்த அடக்கம் இடம் மாறிவிட்டது.

சமையலறையும் கோடும்

சிறுகதை இதே பொருளை ஓர் அறைக்குள் அடக்கிவிட முடியும். லா. ச. ராமாமிருதத்தின் ‘பாற்கடல்’ தலைதீபாவளிக்குக்கூட உடன் இல்லாத கணவனுக்குப் புதுமணப்பெண் எழுதும் கடிதமாக அமைந்தது. கூட்டுக்குடும்பத்தில் நேரில் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்கிறாள். மாமியாரின் கடுமைக்குப் பின்னால் இருப்பதையும் மெல்லக் கண்டுகொள்கிறாள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ (1988-இல் இதே பெயரில் தொகுப்பு வந்தது) ராஜஸ்தானில் நடக்கிறது. பெரிய வீடு, அதன் கோடியில் இருட்டான சமையலறை. அதை ஒட்டிய இடத்தை விரிவுபடுத்தலாமே என்று தென்னாட்டு மருமகள் மீனாட்சி மாமனாரிடம் சொல்கிறாள். மறுப்பு வாயால் வருவதில்லை. மறுநாளே அந்த இடத்தில் துணி காயப்போடக் கொடிகள் கட்டப்பட்டுவிடுகின்றன. ஒரு வீட்டில் அதிகாரம் எப்படிப் பேசாமல் பேசும் என்பதற்கு இந்தக் கொடிக்கயிறுகள் போதும்.

திரையில் எல்லாம் வாய்விட்டுச் சொல்லப்பட்டாக வேண்டும் என்பதால் குடும்பக் கதையின் அமைப்பே மாறுகிறது. ஏ.வி.எம். தயாரிப்பில் 1986-இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ மேடை நாடகத்தின் வளர்ப்பு. அதனால் பேச்சே அதன் பலம். மூத்த மகன் சம்பளக் கணக்கைப் பேச, அப்பா அம்மையப்ப முதலியார் ரோஷப்பட, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. ஒன்றாய்ச் சாப்பிட்டவர்கள் கோட்டுக்கு இருபுறமும் தனித்தனியே உலை வைக்கிறார்கள். கடைசியில் தந்தையும் மகனும் சேர்ந்துவிட முனையும்போது மூத்த மருமகள் உமா மறுக்கிறாள். ஒருமுறை உடைந்ததை ஒட்டிவைத்து அதே கூரையின்கீழ் இருப்பதைவிடத் தள்ளி இருந்து அவ்வப்போது வந்துபோவது மேல் என்கிறாள். பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’ (1959) தொட்டுச் சேர்ந்து வாழ்வதையே முடிவாகக் கொண்டிருந்த குடும்பப் படங்களுக்கு நடுவே இது துணிச்சலான முடிவு. சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருது பெற்ற இப்படத்தை மக்கள் அந்த முடிவோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள்.

தொலைக்காட்சித் தொடர் மூன்றாவது வழியில் போனது. சன் தொலைக்காட்சி 1993-இல் தொடங்கியது. ‘சித்தி’ (1999), ‘மெட்டி ஒலி’ (2002), ‘கோலங்கள்’ (2003) ஆகியவை மாலையும் இரவும் வீடுகளின் நேரத்தையே மாற்றி அமைத்தன. ‘மெட்டி ஒலி’யில் மனைவியை இழந்த தந்தை ஐந்து பெண்களைக் கரைசேர்க்கிறார். ‘கோலங்கள்’ தொடரில் தந்தைக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்து மகன் நாயகி அபியின் பகைவனாகிறான். 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடிய கதை இது. நாவலில் வாசகர் பாத்திரத்தோடு சேர்ந்து மெல்ல ஊகிக்கிறார்; தொடரிலோ பார்வையாளருக்கு முதலிலேயே எல்லாம் தெரியும், பாத்திரங்களுக்குத்தான் தெரியாது. அப்புவின் வீட்டில் நாள்தோறும் நடந்த தெரியாததுபோல் இருத்தல், இங்கே தெரியாமலே வைத்திருத்தலாகிறது. உண்மையைச் சொல்லப் போகும் நேரத்தில் கைபேசி ஒலிக்கும், வாசலில் யாராவது வருவார்கள், சொல்ல வந்தவர் மயங்கி விழுவார். வாரத்தில் பல நாள், ஆண்டுக்கணக்கில் கதையை ஓட்ட வேண்டிய நிர்ப்பந்தம் இந்த உத்தியைக் கட்டாயமாக்குகிறது. சொல்லிவிட்டால் அந்தக் கிளைக்கதை அன்றோடு முடிந்துவிடும். மாமியாரும் மருமகளும் ஒருவர் சொல்வதை ஒருவர் உட்கார்ந்து கேட்கும் காட்சி தொடர்களில் அரிதாக இருப்பதற்கு எழுதுபவரின் திறமைக் குறைவு காரணமன்று. அப்படி ஒரு காட்சியை எழுதினால், அடுத்த திங்கட்கிழமைக்கு வேறொரு ரகசியத்தைத் தேடி வைத்திருக்க வேண்டும்.